நாயைக் குறைப்பதா, நோயைக் குறைப்பதா?

போன மாதம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நாய்களைப் பற்றி ஒரு கூட்டம் போட்டோம். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே கால் மணி நேரம் நடந்தால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் கூட்டம் போட்டால் பத்துப் பேர் வருவதே பெரிய விஷயம். அன்றைக்கு உட்கார இடமில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பள்ளி வேனுக்குக் காத்திருந்த இடத்தில் நாய் கடித்திருந்தது. அதைவிட எல்லோரையும் உலுக்கியது வேறொன்று: அடி விழுமோ என்ற பயத்தில் அவன் இரண்டு நாள் வீட்டில் வாயே திறக்கவில்லை. துவைக்கப் போட்ட காலுறையில் ரத்தக் கறையைப் பார்த்து அவன் அம்மாதான் கண்டுபிடித்தார். பையன் நன்றாக இருக்கிறான். கடைசி ஊசியும் போட்டாகிவிட்டது.

கூட்டத்தில் ஐந்து யோசனைகள் வந்தன. "புடிச்சு வேன்ல ஏத்தி முதுமலைப் பக்கம் விட்டுட்டு வந்துடலாம்" என்றார் டீக்கடை அண்ணன். அவருக்குப் பின்னால் இருந்த ஒருவர் இன்னும் சுருக்கமான வழி சொன்னார், பிஸ்கட்டில் எதையோ தடவுகிற வழி. கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி, கருத்தடை செய்தால்தான் நிரந்தரத் தீர்வு என்றாள். ஒரு பெரியவர், "கடிச்சா ஊசி இருக்குது. குன்னூர்லயே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டை வெச்சுக்கிட்டு இதுக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தே விட்டார். ஊரில் உள்ள எல்லா நாய்க்கும் தடுப்பூசி போடலாம் என்று ஐந்தாவதாக ஒரு குரல் வந்தது. அது என்னுடையது. பேசியவன் தலையில்தானே வேலை விழும். "எல்லாத்தையும் அலசி எழுதிக் கொண்டு வாங்க, அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பொதுப்பணம் ஐந்தையும் செய்கிற அளவுக்கு இல்லை. ஒன்றை ஒழுங்காகச் செய்யலாம், அதோடு இன்னொன்றில் பாதி செய்யலாம்.

எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. நாங்கள் ஒரே பிரச்சினையைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இரண்டைப் பேசியிருக்கிறோம். நாய் அதிகம், இரவில் குலைக்கிறது, வண்டியைத் துரத்துகிறது, கடிக்கிறது என்பது ஒன்று. கடித்த நாய்க்கு ரேபிஸ் என்கிற வெறிநோய் இருந்தால் ஆள் செத்துப்போவான் என்பது இன்னொன்று. முதலாவது தொல்லை, இரண்டாவது தொற்றுநோய். முதலாவதைத் தீர்க்கிற வழி இரண்டாவதைத் தீர்க்கும் என்று நாம் எல்லோருமே நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை என்பதுதான் நான் தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம்.

நோய் எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ரேபிஸ் வைரஸ் நாயின் எச்சிலில் இருக்கிறது. கடித்த இடத்தில் சதைக்குள் போய், அங்கிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. ரத்தத்தில் பாய்வதில்லை. அதனால்தான் நமக்கு அவகாசம் கிடைக்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரே வாரம், அபூர்வமாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். முகத்தில், கழுத்தில், கையில் கடித்தால் மூளைக்குத் தூரம் குறைவு, அல்லது நரம்பு அதிகம், அதனால் அவகாசமும் குறைவு. மூளையைத் தொட்டு அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. நாயைப் பொறுத்தவரை, அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும், அப்புறம் சில நாளில் நாய் செத்துவிடும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது இதனால்தான். பத்தாம் நாளும் அது வாலாட்டிக்கொண்டிருந்தால் கடித்த அன்றைக்கு அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும்.

இடையில் ஒரு கதை. சில வருடம் முன்பு எங்கள் பக்கத்து ஊரில் வெறிநாய் கடித்த பசு ஒன்று இறந்துபோனது. அந்த வாரம் அந்தப் பாலில் டீ குடித்தவர்கள் எல்லோரும் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காய்ச்சிய பாலில் இந்த வைரஸ் உயிரோடு இருக்காது, பால் குடித்து மனிதனுக்கு ரேபிஸ் வந்ததற்கு உறுதியான சான்றும் இல்லை. ஆனால் அதே ஊரில் நாய்க்குட்டி பிறாண்டியதை ஒருவரும் பொருட்படுத்த மாட்டார்கள். பயம் தவறான வாசலில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. ஒரு வெறிநாய் சாவதற்குள் சராசரியாக எத்தனை நாய்களுக்கு நோயைக் கொடுத்துவிட்டுச் சாகிறது? உலகத்தில் பல இடங்களில் கணக்கிட்டதில் ஒன்றுக்கு மேல், இரண்டுக்குள்தான் வந்திருக்கிறது. தட்டம்மையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். தட்டம்மை வந்த ஒரு குழந்தை, தடுப்பூசி இல்லாத கூட்டத்தில் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குப் பரப்பும். அதனால்தான் தட்டம்மைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்காவது ஊசி போட்டாக வேண்டியிருக்கிறது. ரேபிஸ் அவ்வளவு வேகமான நோய் இல்லை. ஆளைக் கொல்வதில் ராட்சசன், பரவுவதில் சோம்பேறி. இன்னொன்றும் உண்டு: நாய் நெருக்கமாக உள்ள ஊரிலும் சிதறி உள்ள ஊரிலும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை. வெறிபிடித்த நாய் ஓரிடத்தில் நிற்காது, கிலோமீட்டர் கணக்கில் ஓடி இன்னொரு நாயைத் தேடிப் போய்க் கடிக்கும். பாதி நாய்களை அகற்றினாலும் மீதிப் பாதியை அது கண்டுபிடித்துவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து வழிகளையும் பார்ப்போம்.

முதலில் விஷ பிஸ்கட். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி அது குற்றம். அதைச் சொன்னால் "யாரு பார்க்கப் போறாங்க" என்பார்கள், எனவே சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பலனை மட்டும் பார்ப்போம். நூறு நாய் இருக்கிற ஒரு ஊர், அதில் எழுபதுக்கு ஊசி போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்ட ஐம்பதைக் கொல்கிறோம். மிச்சம் ஐம்பதில் ஊசி போட்டது முப்பத்தைந்து இருக்கும். கோழிக்கடைக் கழிவும் குப்பைத்தொட்டியும் அப்படியே இருப்பதால், மேலூர் நாயும் கீழூர் நாயும் புதுக் குட்டிகளுமாகச் சீக்கிரமே எண்ணிக்கை திரும்ப நூறாகிவிடும். இப்போது ஊசி போட்டது நூற்றுக்கு முப்பத்தைந்து. காசு செலவழித்து, பாவம் கட்டிக்கொண்டு, பாதுகாப்பைப் பாதியாக்கியிருக்கிறோம். நிஜத்தில் இதைவிட மோசமாகத்தான் நடக்கும். பிஸ்கட்டுக்கு முதலில் ஓடி வருவது மனிதனிடம் பழகிய நாய், ஏற்கெனவே யாரோ பிடித்து ஊசி போட்டிருக்கக்கூடிய நாய்.

இது வெறும் காகிதக் கணக்கில்லை. இந்தோனேசியாவில் ஃபுளோரெஸ் தீவுக்கு 1997ல் ரேபிஸ் வந்தபோது நாய்களைப் பெருமளவில் கொன்றார்கள். நோய் போகவில்லை. 2008ல் பாலித் தீவில் வந்தபோதும் அதையே செய்து பார்த்தார்கள், நோய் தீவு முழுக்கப் பரவியது. 2010ல் தீவு முழுவதும் நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கிய பிறகே எண்கள் இறங்கின. ஐரோப்பாவில் நரிகள்தான் இந்த நோயைச் சுமந்தன. பல பத்தாண்டுகள் சுட்டுத் தள்ளியும் அடங்காத நோய், சுவிட்சர்லாந்தில் 1978ல் கோழித்தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட ஆரம்பித்ததும் அடங்கத் தொடங்கியது. நரி சாகாமல் நோய் செத்தது.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு ஆபத்தும் உண்டு. விஷம் நாயோடு நிற்காது. செத்த நாயைத் தின்னச் சிறுத்தை வரும், கீரி வரும், காக்கை வரும். மாடு மேய்கிற இடத்தில் விஷத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது.

இரண்டாவது, வேனில் ஏற்றி முதுமலைப் பக்கம் விடுவது. டீக்கடை அண்ணன் நல்ல மனிதர், கொல்ல மனமில்லாமல் சொன்ன வழி இது. ஆனால் தொற்றுநோய்க் கண்ணால் பார்த்தால் இருப்பதிலேயே மோசம் இதுதான். நோய் உள்ளே போய் வாரக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும் என்றேனே, அப்படி ஒரு நாய் வேனில் இருந்தால், தன் காலால் ஒருநாளும் தாண்டியிருக்காத தூரத்தை நோய் இரண்டு மணி நேரத்தில் தாண்டிவிடும். ஃபுளோரெஸ் தீவுக்கு ரேபிஸ் நடந்து வரவில்லை, நாயைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களோடு வந்தது. முதுமலையில் செந்நாய்க் கூட்டங்கள் இருக்கின்றன. எத்தியோப்பியாவின் பாலே மலைகளில் ஊர்நாய்களிடமிருந்து ரேபிஸ் தொற்றி, உலகத்திலேயே சில நூறு மட்டும் மிஞ்சியிருக்கிற ஓநாய்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கின்றன. முதுமலையை ஒட்டி மசினகுடியில் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் நம்மை என்ன சொல்வார்கள் என்பது தனி.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 2001ல் வந்து 2023ல் புதுப்பிக்கப்பட்ட விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடையும் ஊசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025ல் உச்ச நீதிமன்றத்தில் இது பெரிய விவாதமானது. ஆகஸ்டில், ரேபிஸ் உள்ள நாய், சந்தேகத்துக்குரிய நாய், மூர்க்கமான நாய் தவிர மற்றவற்றை அதே இடத்தில் விடலாம் என்று சொன்னது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்குள் இருப்பவற்றை அகற்றிக் காப்பகத்தில் வைக்கச் சொன்னது. எந்த உத்தரவிலும் காட்டோரம் கொண்டுபோய் இறக்கிவிட யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை.

மூன்றாவது, "கடிச்சா ஊசி இருக்குது." இதை லேசாகத் தள்ள முடியாது. எங்கள் வீட்டிலேயே இதற்கு வரலாறு இருக்கிறது. சிம்ஸ் பூங்கா பக்கம் உள்ள பாஸ்டர் நிலையத்தை எங்கள் பாட்டி கடைசிவரை "நாய்க்கடி ஆஸ்பத்திரி" என்றுதான் சொன்னார். 1902ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண், தென்னிந்தியாவில் எங்குமே ஊசி கிடைக்காமல் ரேபிஸில் இறந்துபோனார். அந்தச் சாவுதான் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சைத் தொடங்கிவைத்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கு இதற்கு வந்தது. 1907 ஏப்ரல் 6ஆம் தேதி குன்னூரில் நிலையம் வேலையைத் தொடங்கியது. அதற்கு எட்டு வருடம் முன்புதான் மலை ரயில் குன்னூர்வரை வந்திருந்தது. கடிபட்டவர்கள் தெற்கின் பல மூலைகளிலிருந்தும் மலை ஏறி வந்தார்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று இன்னும் பயமுறுத்துகிறார்களே, அது அந்தக் காலத்து ஆட்டுமூளை மருந்து. இந்தியாவில் 2004 வாக்கிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அரசு மருத்துவமனைகளில் கைத்தோலுக்குள் போடுகிற ஊசிதான்: கடித்த அன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். இலவசம். ஆழமாகக் கடித்து ரத்தம் வந்திருந்தால், அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் போட வேண்டும். ஊசிக்கு உடம்பு எதிர்ப்புச்சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை காவல் நிற்பது இந்த மருந்துதான்.

ஊசியைவிடவும் முன்னால் நிற்கிற மருந்து சோப்பு. வைரஸின் மேலே கொழுப்புப் படலம் இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மார்கழி மாதக் காலையில் எங்கள் குழாயடியில் பதினைந்து நிமிடம் காலை நீட்டிக்கொண்டிருப்பது என்றால் என்னவென்று சமவெளிக்காரர்களுக்குப் புரியாது. இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டுச் சுண்ணாம்பையோ காபித்தூளையோ அப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். அப்பக் கூடாது. தையலும் அவசரப்பட்டுப் போடக் கூடாது.

இவ்வளவு நல்ல வழி கையில் இருக்கும்போது வேறு எதற்கு என்று பெரியவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வழி, கடிபட்டவர் சொல்ல வேண்டும், அதுவும் உடனே சொல்ல வேண்டும், சரியான இடத்துக்குப் போக வேண்டும், அங்கே மருந்து இருக்க வேண்டும், நாலு முறையும் போக வேண்டும் என்ற ஐந்து கண்ணிகளில் தொங்குகிறது. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் நாற்பது சதவீதம் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். எங்கள் ஊர்ப் பையனின் காலுறையை நினைத்துக்கொண்டால் அந்த நாற்பது எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். என்கிற மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-23ல் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பில், ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக்கடிகள், சுமார் 5,700 ரேபிஸ் சாவுகள் என்று மதிப்பிட்டார்கள். கடிபட்டவர்களில் ஐந்தில் ஒருவர் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் முன்பு ஒரு குட்டிநாய் என் விரலைக் கடித்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் டி.டி. என்கிற டெட்டனஸ் ஊசி மட்டும் போட்டு, "குட்டிதானே, ஒன்றும் ஆகாது" என்று அனுப்பிவிட்டார்கள். டி.டி. ஊசிக்கும் ரேபிஸுக்கும் சம்பந்தமே இல்லை என்பது மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் அக்கா திட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். படித்தவன் என்று பெயர். அதனால் ஊசி கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் அது கடைசி வேலி. கடைசி வேலியை மட்டும் போட்டுவிட்டுத் தோட்டம் முழுவதையும் திறந்து வைப்பது போலத்தான் இந்த வழி. இன்னொரு பக்கம், மனிதனுக்குப் போடுகிற ஊசி நாயிடம் உள்ள நோயைத் தொடுவதே இல்லை. இந்த வருடம் எத்தனை வெறிநாயோ அடுத்த வருடமும் அத்தனை, அதற்கடுத்த வருடமும் அத்தனை ஊசி.

நான்காவது கருத்தடை. மாணவி சொன்னது, நானே ஒரு காலத்தில் இதுதான் விடை என்று நம்பியது. ஜெய்ப்பூரில் 1990களின் நடுவிலிருந்து பெண்நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் சேர்த்துப் போட்டு வந்தார்கள். சுமார் எட்டு ஆண்டுகளில் அந்தப் பகுதியில் நாய் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது, மனித ரேபிஸ் சாவு இல்லாமலே போனது. நாய்க்கடியும் குறைந்தது. இதைக் கேட்டு எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. குட்டி போட்ட நாய்தான் அதிகம் சீறும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான், குட்டி இல்லையென்றால் சீற்றமும் இல்லை. உதகையிலேயே வேர்ல்ட்வைட் வெட்டினரி சர்வீஸ் என்ற அமைப்பு, நாய்க் கருத்தடை அறுவையைக் கால்நடை மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி மையம் நடத்துகிறது. ஆக, கை எட்டாத விஷயம் இல்லை.

ஆனால் எட்டு ஆண்டில் 28 சதவீதம் என்ற வேகத்தைக் கவனியுங்கள். அதற்கே வருடக்கணக்கில் விடாமல் செய்திருக்கிறார்கள். கருத்தடைக்கு அறுவைக்கூடம் வேண்டும், மயக்க மருந்து வேண்டும், காயம் ஆறுகிற வரைக்கும் நாயை அடைத்து வைத்துச் சோறு போடக் கூண்டு வேண்டும். எங்கள் ஊர்ப் பனியில் அறுத்த நாயை அன்றிரவே வெளியில் விட முடியாது. ஒரு நாய்க்குக் கருத்தடை செய்கிற செலவில் பல நாய்களுக்கு ஊசி போட்டுவிடலாம். ஜெய்ப்பூரில் ரேபிஸ் நின்றதற்கும், எனக்குத் தோன்றுகிற வரையில், கத்தியைவிட அதோடு சேர்த்துப் போட்ட ஊசிதான் நேரான காரணம். கருத்தடை செய்த நாய்க்குக் குட்டி பிறக்காது, ஆனால் ஊசி இல்லாவிட்டால் ரேபிஸ் வரும். கருத்தடையின் உண்மையான உதவி வேறு இடத்தில் இருக்கிறது: நாய்களின் தலைமுறை சீக்கிரம் மாறாமல் பார்த்துக்கொள்ளும், போட்ட ஊசி ஊரில் அதிக நாள் தங்கும்.

அதை விளக்க ஐந்தாவது வழிக்கு வர வேண்டும். நூறு நாயில் எழுபதுக்கு ஒரே நேரத்தில் ஊசி. ஏன் எழுபது? ஒரு வெறிநாய் சராசரியாக ஒன்றரை நாய்க்குக் கடத்துகிறது என்று வைத்தால், மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு எதிர்ப்பு இருந்தாலே நோய் பரவுகிற சங்கிலி தேயத் தொடங்கிவிடும். முப்பத்துமூன்று போதுமே என்றால், போதாது. தெருநாய்க்கு ஆயுள் குறைவு. வருடத்துக்கு நூறில் நாற்பது செத்து, அந்த இடத்தில் புதிது வருகிறது என்று வையுங்கள். எழுபதில் தொடங்கினால் வருடக் கடைசியில் நாற்பத்திரண்டு இருக்கும், சங்கிலி மறுபடி கோத்துக்கொள்ளாது. நாற்பதில் தொடங்கினால் வருடக் கடைசியில் இருபத்துநான்கு, நோய் உள்ளே வந்துவிடும். அதனால் எழுபது, அதனால் வருடா வருடம். பாதி ஊர் போட்டுவிட்டு மீதியை அடுத்த வருடம் பார்க்கலாம் என்பது கோணிப்பையின் ஒரு பக்கத்தை மட்டும் தைப்பது போல.

இது நடக்கிற காரியமா? கோவாவில் மிஷன் ரேபிஸ் என்ற அமைப்பும் அரசும் சேர்ந்து, வீட்டு வாசலில் கையால் பிடித்தும், தெருவில் வலை வீசியும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் நாய்க்கு ஊசி போட்டார்கள். 2021ல் கோவா ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. மெக்சிகோவில் பல பத்தாண்டுகளாக நாய்களுக்கு இலவச ஊசி போட்டு, நாய் வழியாக மனிதருக்கு ரேபிஸ் வருவதை ஒழித்த முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றை 2019ல் வாங்கினார்கள். இரண்டு இடத்திலும் நாய்கள் இன்னும் இருக்கின்றன, குலைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

அதுதான் இந்த வழியின் குறை, மறைக்க விரும்பவில்லை. ஊசி போட்ட நாயும் துரத்தும், கடிக்கும். ஊசி போட்டதற்கு அடுத்த நாள் யாரையாவது நாய் கடித்தால், "காசைக் கொட்டினீங்களே, என்ன பலன்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். குன்னூரில் குரங்கு கடித்தாலும் இது உதவாது, அதற்கு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால் கோழிக்கடைக் கழிவுக்கு மூடி வேண்டும். மூடி போட்டால் கரடி வருவதும் குறையும் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறோம், கேட்பாரில்லை. அதை இங்கே நீட்டப் போவதில்லை.

இத்தனைக்குப் பிறகு என் தீர்ப்பு இது. பொதுப்பணத்தில் முதல் செலவு வருடாந்திர நாய்த் தடுப்பூசி. அதில் மிஞ்சுவதில், குட்டி போடுகிற வயதில் உள்ள பெண்நாய்கள் சிலவற்றுக்கு மட்டும் கருத்தடை. இது எண்ணிக்கைக்கு, ரேபிஸுக்கு இல்லை என்று தெரிந்தே செய்வது. கடித்த பிறகு போடும் ஊசிக்கு ஊர்ப்பணம் தேவையே இல்லை, அரசு தருகிறது. அதற்குத் தேவை பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம்: "நாய் கடிச்சா திட்ட மாட்டோம், வந்து சொல்லு" என்று பிள்ளைகளுக்கும், "திட்டாதீங்க" என்று பெற்றோருக்கும் சொல்ல. வேனும் பிஸ்கட்டும் வேண்டாம்.

செய்முறையில் சில யோசனைகள். எங்கள் தெருவில் "தெருநாய்" என்று நாம் சொல்கிறவற்றை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றுக்கு யாரோ ஒரு அக்கா சோறு வைக்கிறார், பெயரும் வைத்திருக்கிறார். அந்த அக்கா கூப்பிட்டால் நாய் மடியில் வந்து உட்காரும். ஆகவே வலையோடு ஆள் வருவதற்கு முன்னால், சோறு வைக்கிறவர்களின் பட்டியல் வேண்டும். தை மாதம் தோதானது, பனி விழுந்து கொழுந்து குறைவாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளையும் விடக் கூடாது. இத்தகைய கூட்டு முகாம்களில் குட்டிகளுக்கும் சேர்த்தே போடுகிறார்கள், அடுத்த வருடம் ஊரின் நாய்கள் அவைதானே. மருந்து இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். "நம்மூர்க் குளிருக்கு ஐஸ்பெட்டி எதுக்கு, திண்ணையில வெச்சாப் போதும்" என்று ஒருவர் சிரித்தார். உறைபனி இரவில் திண்ணையில் வைத்தால் மருந்து உறைந்து கெட்டுவிடும், வெயிலில் கெடுவது போலவே. குளிர்ப்பெட்டி கட்டாயம்.

ஊசி போட்ட நாயின் நெற்றியில் சாயப் பொட்டு. மறுநாள் காலை இரண்டு பேர் ஊரைச் சுற்றி நடந்து, கண்ணில் படுகிற நாய்களில் பொட்டு உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று எண்ண வேண்டும். பத்துக்கு ஏழு இருந்தால் சரி. இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு மறுபடியும்.

கையால் பிடிபடாமல் நிற்கப் போவது எவை என்பது எல்லோருக்கும் தெரியும்: கோழிக்கடைக்குப் பின்னால் படுத்திருக்கும் மூன்று. பையனைக் கடித்தது அவற்றில் ஒன்று என்றுதான் பேச்சு, ஆனால் அந்த மூன்றும் இன்றுவரை உயிரோடு சுற்றுகின்றன. அவற்றுக்குச் சோறு வைக்கிறவர் யாரும் இல்லை. உதகையிலிருந்து வலையும் வலை வீசத் தெரிந்த ஆளும் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பை டீக்கடை அண்ணன் எடுத்துக்கொண்டிருக்கிறார். வேன் அவரிடம்தானே இருக்கிறது.